கோழி போடாத முட்டை!

*பாசிப்பருப்பில் ஆம்லெட், சுண்டல் தண்ணீரில் மக்ரூன், சோயா பாலில் மயோனைஸ்... நம் வீட்டு அடுப்படியில் தயாராகும் சைவ முட்டை எங்கே தேறுகிறது, எங்கே தோற்கிறது?*

ஞாயிற்றுக்கிழமை காலை. சென்னை மடிப்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் சமையலறை. காய்ந்த தோசைக்கல்லில் மஞ்சள் நிறக் கரைசல் ஒரு கரண்டி விழுகிறது. ஓரம் சுருங்கிச் சிவக்கத் தொடங்கியதும் பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், இடித்த மிளகு. மூடி போட்டு ஒரு நிமிடம். எடுத்துப் பாதியாக மடித்துத் தட்டில் வைத்த பிறகுதான், அந்தப் பெண்மணி சின்ன டப்பா ஒன்றைத் திறந்து மங்கிய ரோஜா நிறப் பொடியை இரு விரலால் கிள்ளித் தூவினார். அடுத்த நொடியே கூடத்திலிருந்து மாமியாரின் குரல்.

“ஏம்மா, நம்ம வீட்டுலயா முட்டை வாடை வருது?”

“பாசிப்பருப்புதான் அத்தை. நீங்களே வந்து பாருங்க.”

வந்தார், பார்த்தார், முகர்ந்தார். “பருப்புன்னு கண்ணு சொல்லுது. மூக்கு ஒத்துக்க மாட்டேங்குதே” என்று சொல்லிவிட்டு இட்லிக்கே போய்விட்டார். மகனோ இரண்டை முடித்துவிட்டு மூன்றாவதுக்குத் தட்டை நீட்டினார். கல்லூரி விடுதியில் ஆம்லெட் பழகி, கல்யாணத்துக்குப் பின் விட்டவர் அவர்.

ஒரே பண்டம், ஒரே வீடு, இரண்டு தீர்ப்பு. முட்டையே தொடாதவர்களுக்கு அது முட்டை மாதிரி இருப்பதுதான் பிரச்னை. சாப்பிட்டுப் பழகி விட்டவர்களுக்கு முட்டை மாதிரி இல்லாவிட்டால்தான் பிரச்னை.

யாருக்கு வேண்டும் இது?

தாவர முட்டையைத் தேடி வருகிறவர்கள் ஒரே கூட்டம் இல்லை. கூண்டில் அடைபட்ட கோழிகளை நினைத்து முட்டையை விட்டவர்கள் உண்டு. அவர்களுடைய கவலைக்குக் காரணம் இருக்கிறது. பண்ணைக் கூண்டில் ஒரு கோழிக்குக் கிடைக்கும் இடம் பெரும்பாலும் ஓர் ஏ4 தாளை விடச் சிறியது. பொரிப்பகங்களில் பிறக்கும் சேவல் குஞ்சுகள் முட்டையிடாது என்பதாலேயே அன்றே அழிக்கப்படுகின்றன. முட்டைக் கோழிகளையும் கறிக்கோழிகளையும் எப்படி வளர்க்க வேண்டும் என்று 2017-ல் இந்தியச் சட்ட ஆணையம் தன் 269-ஆவது அறிக்கையில் பரிந்துரைகளே எழுதியது.

கொலஸ்ட்ராலுக்குப் பயந்தவர்கள் இன்னொரு தரப்பு. இந்த இரு தரப்பையும் விட அதிகம் அல்லாடுகிறவர்கள், முட்டை ஒவ்வாமை உள்ள குழந்தைகளின் பெற்றோர். சிறு குழந்தைகளுக்கு வரும் உணவு ஒவ்வாமைகளில் பாலும் முட்டையும்தான் முன்வரிசை. வளர வளரப் பெரும்பாலான குழந்தைகளுக்கு அது சரியாகிவிடும். ஆனால் சரியாகும்வரை பிறந்தநாள் கேக், பள்ளி நண்பனின் டிபன் பாக்ஸ், கல்யாண வீட்டு ஐஸ்க்ரீம் என எல்லாமே கண்டம்தான்.

முட்டை விலையும் ஆளைத் தள்ளும். பறவைக் காய்ச்சலால் கோழிகள் கோடிக்கணக்கில் போன அமெரிக்காவில், 2025 மார்ச்சில் ஒரு டஜன் முட்டையின் சராசரி விலை 6.23 டாலரைத் தொட்டது.

அங்கே தாவர முட்டைத் தொழில் அதற்கு முன்பே வேர்விட்டுவிட்டது. 2011-ல் தொடங்கிய ஹாம்ப்டன் க்ரீக் என்ற சான்ஃபிரான்சிஸ்கோ நிறுவனம், முட்டையில்லா மயோனைஸ் விற்று, ‘மயோனைஸ் என்று எப்படிப் பெயர் வைக்கலாம்?’ என்று 2014-ல் யூனிலீவரிடமிருந்து வழக்கும் வாங்கியது. சில வாரங்களில் யூனிலீவர் வழக்கைத் திரும்பப் பெற்றது. பிற்பாடு பெயரை மாற்றிக்கொண்ட அதே நிறுவனம் 2018-ல் ‘ஜஸ்ட் எக்’ என்று ஒரு குப்பியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஊற்றினால் முட்டைக் கரைசல், வேகவைத்தால் பொடிமாஸ். மூலப்பொருள் எது தெரியுமா? நாம் வெண்பொங்கலுக்குப் போடும் பாசிப்பருப்பு. நிறத்துக்கு மஞ்சள், கேரட் சாறு. அது அவர்களுக்குப் புதுமை. நமக்கு மளிகைக் கடைப் பட்டியல்.

பாவனை சமையலும் நமக்குப் புதிதில்லை. ஊறவைத்த பச்சைப்பயற்றை அரைத்து, ஆவியில் வேகவைத்து, துண்டு போட்டு ‘சைவ ஈரல்’ குழம்பு வைக்கும் வீடுகள் எத்தனையோ. வாழைக்காயில் சைவ மீன் குழம்பும் உண்டு. முட்டைக்கு மட்டும்தான் கை நீளவில்லை. நீளாததற்குக் காரணம் இருக்கிறது.

ஒரு ஓட்டுக்குள் எத்தனை வேலை!

ஈரல் குழம்பில் ஈரல் செய்யும் வேலை ஒன்றே ஒன்று. முட்டை அப்படி இல்லை. ஆம்லெட்டில் அது உறைகிறது. கேக்கில் காற்றைப் பிடித்து வைத்து உப்ப வைக்கிறது. கட்லெட்டில் ரொட்டித்தூளை ஒட்ட வைக்கிறது. மயோனைஸில் எண்ணெயையும் தண்ணீரையும் சண்டையில்லாமல் சேர்த்து வைக்கிறது. மக்ரூனில் நுரையாக எழும்பி நிற்கிறது.

பெரும்பாலும் புரதத்தின் கைவேலை. வெள்ளைக்கரு சுமார் 62 டிகிரி செல்சியஸில் கெட்டியாகத் தொடங்கும். மஞ்சள்கரு 65-லிருந்து 70 டிகிரிக்குள். வெள்ளைக்கருவின் முக்கியப் புரதமான ஓவால்புமின் முழுக்க இறுகச் சுமார் 80 டிகிரி வேண்டும். இந்த இடைவெளியில்தான் ஹாஃப் பாயில், கலக்கி, முழு வேக்காடு என்ற வகைகள் எல்லாம் பிறக்கின்றன. மஞ்சள்கருவில் உள்ள லெசித்தின் எண்ணெயைத் தண்ணீரோடு கட்டிப்போடுகிறது.

இத்தனை வேலையையும் ஒருங்கே செய்கிற தாவரம் எதுவும் இல்லை. ‘எதற்கும் ஆகும் ஒரே மாற்று’ என்று யாராவது பொடி விற்றால் நம்பாதீர்கள். எந்த வேலைக்கு எது ஆகும் என்று பார்த்துப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

> ■ எதற்கு எது?
>
> ஆம்லெட், பொடிமாஸ், முட்டை ஆப்பம்: பாசிப்பருப்புக் கரைசல். பொடிமாஸுக்கு மட்டும் உதிர்த்த கெட்டி டோஃபுவும் ஆகும்.
>
> கேக், குக்கீஸ்: ஒரு முட்டைக்கு ஒரு மேசைக்கரண்டி பொடித்த ஆளிவிதை, மூன்று மேசைக்கரண்டி தண்ணீர், 10 நிமிடம் ஊறினால் கொழகொழவென்று ஆகிவிடும். பஞ்சு மாதிரி வரவேண்டிய கேக்குக்கு ஆப்ப சோடாவும் வினிகரும்.
>
> கட்லெட், பஜ்ஜி மேல்பூச்சு: நீர்க்கக் கரைத்த மைதா அல்லது சோளமாவு. இதற்கு முட்டையே தேவைப்பட்டதில்லை என்பது செய்து பார்த்தால் தெரியும்.
>
> மக்ரூன், நுரை இனிப்புகள்: வெள்ளைக் கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீர்.
>
> மயோனைஸ்: சோயா பால்.

ஆம்லெட்டா, அடையா?

பாசிப்பருப்பு ஆம்லெட்டுக்கு இரண்டு வழி இருக்கிறது. முதலாவது சோம்பேறி வழி. பெரும்பாலான வீடுகளில் நடப்பது இதுதான்.

தோல் நீக்கிய பாசிப்பருப்பு அரை கப், அதாவது சுமார் 100 கிராம். தண்ணீர் தெளிவாக வரும்வரை கழுவி, நான்கு மணி நேரமாவது ஊற வையுங்கள். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். பச்சை வாடையில் பாதி அதோடு போய்விடும். முக்கால் கப் தண்ணீரும் கொஞ்சம் தேங்காய்ப்பாலும் விட்டு, விரலால் தொட்டால் நெருடாத அளவுக்கு மிக்ஸியில் அரைக்க வேண்டும். இட்லி மாவுக்கு அரைக்கும் பதம் போதாது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், அரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர், கால் தேக்கரண்டி மஞ்சள்தூள், கொஞ்சம் உப்பு. கரைசல் தோசைமாவை விடத் தளர இருக்க வேண்டும். கல்லில் ஊற்றியதும் மூடி போடுவது முக்கியம். மூடாவிட்டால் அடிப்புறம் மொறுமொறுப்பாகி, மேற்புறம் பச்சையாக நிற்கும்.

பார்வைக்கு அசல் ஆம்லெட். வாயில் வைத்தால்தான் குட்டு வெளிப்படும். வெந்தயமும் இஞ்சியும் போடாத அடையாகத்தான் இருக்கும். ஆந்திராவில் பெசரட்டு சாப்பிட்டவர்கள் சிரித்துவிடுவார்கள். காரணம் மாவுச்சத்து. 100 கிராம் பருப்பில் புரதம் சுமார் 24 கிராம்தான்; பெரும்பகுதி மாவும் நாரும். வேகும்போது புரதம் உறைவதற்குள் மாவு உப்பி, கெட்டிப்பட்டு, இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

‘ஜஸ்ட் எக்’ குப்பியில் இருப்பது முழுப் பருப்பு இல்லை, பருப்பிலிருந்து பிரித்தெடுத்த புரதம். அதைக் கட்டுக்கோப்பாக வைக்க ஜெல்லான் பசையும் ஒரு நொதியும் சேர்த்திருக்கிறார்கள். அந்தப் பிரித்தெடுக்கும் வேலையை வீட்டிலும் செய்து பார்க்கலாம். அதுதான் இரண்டாவது வழி. பொறுமை உள்ளவர்களுக்கு மட்டும்.

கால் கிலோ பருப்பை ஊறவைத்து, ஒரு சிட்டிகை ஆப்ப சோடா சேர்த்த நிறையத் தண்ணீரில் மைய அரைத்துக்கொள்ளுங்கள். சோடா சேர்த்தால் புரதம் தண்ணீரில் நன்றாகக் கரையும். பிறகு மெல்லிய வேட்டித் துணியில் வடிகட்டிப் பிழிய வேண்டும். துணியில் தங்கும் சக்கை நாளைய அடைமாவுக்கு. வடிந்த வெளிர்மஞ்சள் பாலை அரை மணி நேரம் அசைக்காமல் வைத்தால், பாத்திரத்தின் அடியில் வெள்ளை வெளேரென்று ஒரு படிவு இறுகும். அதுதான் மாவுச்சத்து. விரலால் சுரண்டினால்கூட எளிதில் பெயராது. (கொட்டிவிடாதீர்கள், கிழக்காசியாவில் கண்ணாடி மாதிரி நூடுல்ஸ் செய்வது இந்த மாவில்தான். நம் வீட்டில் பாயசம் கெட்டிப்பட உதவும்.)

மேலே நிற்கும் பாலை மட்டும் சாய்த்து வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். இப்போது எலுமிச்சைச் சாறு, சொட்டுச் சொட்டாக. பாலைத் திரித்துப் பனீர் எடுப்பது போலத்தான் இதுவும். புளிப்பு ஓர் அளவைத் தாண்டியதும் பால் திடீரென்று பொரிப்பொரியாகத் திரிந்து, தெளிநீர் தனியே நிற்கும். பாசிப்பருப்புப் புரதம் கரையாமல் கைவிடும் இடம் அமில அளவில் 4.5-ஐ ஒட்டியது. குளிர்சாதனப் பெட்டியில் சில மணி நேரம் வைத்தால் நன்றாகப் படியும். வடிகட்டினால் கிடைப்பது தயிர்ப் பதத்தில் ஒரு புரதக் குழம்பு. மறுபடி ஒரு சிட்டிகை சோடா சேர்த்துப் புளிப்பை முறித்து, எண்ணெய், மஞ்சள்தூள் விட்டு மிக்ஸியில் ஒரு சுற்று. முடிந்தது.

இதைக் கல்லில் ஊற்றிப் பாருங்கள். அடை மாதிரி வெடிப்பு விடாது. கரண்டியால் தள்ளினால் மடிப்பு மடிப்பாகச் சுருளும். பிய்த்தால் ஈரப்பசையோடு பிரியும். கண்ணைக் கட்டிவிட்டுக் கொடுத்தால் பாதிப் பேராவது ஏமாறுவார்கள் என்பது என் கணிப்பு.

ஆனால் கணக்கையும் சொல்லிவிட வேண்டும். கால் கிலோ பருப்பில் இருக்கும் 60 கிராம் புரதத்தில் பாதி கைக்கு வந்தாலே பெரிய விஷயம். பெரிய ஆம்லெட் மூன்று நான்கு தேறும். முதல் நாள் ஊறவைத்தது மறுநாள் மதியம்தான் தட்டுக்கு வரும். தினசரி காரியம் இல்லை, விருந்தாளியை அசத்தும் காரியம்.

> ■ வாசனை எங்கிருந்து வருகிறது?
>
> முட்டை வாடையின் மூலம் கந்தகம். வெள்ளைக்கருவில் உள்ள புரதம் சூடாகும்போது ஹைட்ரஜன் சல்பைடு வாயு வெளியேறும். அதிகம் வேகவைத்த முட்டையில் மஞ்சள்கருவைச் சுற்றிப் பச்சை வளையம் தெரிகிறதே, அது இந்தக் கந்தகம் மஞ்சள்கருவின் இரும்போடு சேர்ந்து உண்டாவது.
>
> மடிப்பாக்கத்துப் பெண்மணி தூவிய பொடி, கருப்பு உப்பு. அதிலும் இதே கூட்டணிதான். வடக்கே கல் உப்பைக் கரியோடும், கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் முதலியவற்றோடும் சூளையில் சுட்டு எடுப்பார்கள். சூட்டில் கந்தகச் சேர்மங்கள் உருவாகின்றன. கட்டியாக இருக்கும்போது கறுப்பு. பொடித்தால் ரோஜா நிறம். பானிபூரித் தண்ணீரின் அந்தத் தனி மணம் இதுதான்.
>
> இந்துப்பு வேறு, கருப்பு உப்பு வேறு. இந்துப்பில் இந்த வாடை கிடையாது. கடையில் ‘பிளாக் சால்ட்’ என்று கேட்டு, முகர்ந்து பார்த்து வாங்குங்கள். அடுப்பில் வெகுநேரம் வெந்தால் வாசனை பறந்துவிடும்; இறக்கிய பிறகே தூவ வேண்டும். இதுவும் உப்புதான் என்பதை ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மறக்க வேண்டாம்.

கலக்கியிடம் கைகட்டி நிற்கும் பருப்பு

கோவைப் பக்கம் பரோட்டாக் கடையில் உட்கார்ந்து, “அண்ணா, ஒரு கலக்கி” என்று கேட்டவர்களுக்குத் தெரியும், அதன் உயிரே பாதி வேக்காட்டில்தான் இருக்கிறது. அங்கேதான் பாசிப்பருப்பு கைவிரிக்கிறது. முட்டையை அரைகுறையாக வேகவைத்தாலும் ருசிக்கும். பருப்பை அரைகுறையாக வேகவைத்தால் நாக்கில் பச்சை வாடை, வயிற்றில் பொருமல். பருப்புக் கரைசலை முழுசாக வேகவைக்காமல் சாப்பிடவே கூடாது. எனவே கலக்கி, ஹாஃப் பாயில் இரண்டுக்கும் இந்தக் கரைசல் ஆகாது.

ஒழுகும் மஞ்சள்கருவுக்குச் சமையல்காரர்கள் வேறு குறுக்குவழி வைத்திருக்கிறார்கள். வேகவைத்த மஞ்சள் பூசணியையோ கேரட்டையோ மையாக அரைத்து, எண்ணெய், கொஞ்சம் சோளமாவுக் கரைசல் சேர்த்துக் கிளறினால் தேன் பதத்துக்கு வரும். முன்பே வெந்த பொருள் என்பதால் ஒழுகினாலும் பயமில்லை. கருப்பு உப்பு ஒரு கிள்ளு. வெள்ளைப் பகுதிக்கு அரிசிமாவும் சோயா பாலும் கலந்த மெல்லிய தோசை. நடுவில் இந்தக் குழம்பு ஒரு கரண்டி. படம் எடுத்தால் அசல் ஹாஃப் பாயில். ருசியில் பூசணி எட்டிப் பார்க்கத்தான் செய்யும். ஓட்டல் சமையல்காரர்கள் சோடியம் ஆல்ஜினேட், கால்சியம் உப்பு இரண்டையும் வைத்து, குத்தினால் உடையும் மெல்லிய தோலே உண்டாக்குகிறார்கள். வீட்டுக்கு அந்த வம்பு வேண்டாம்.

அவித்த முட்டை செய்யக் கடல்பாசி வேண்டும். சைனா கிராஸ் என்று கடையில் கிடைக்கும் அகர் அகர். ஒரு கப் தேங்காய்ப்பாலும் சோயா பாலும் கலந்த கலவைக்கு ஒரு தேக்கரண்டி அகர் பொடி போட்டு, இரண்டு நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு, முட்டை வடிவ சாக்லேட் அச்சில் ஊற்றினால், அறைச் சூட்டுக்கு வந்ததும் பளபளவென்று கட்டியாகிவிடும். நடுவில் குழி எடுத்து, வேகவைத்த கொண்டைக்கடலை, உருளைக்கிழங்கு, மஞ்சள்தூள், எண்ணெய் சேர்த்துப் பிசைந்த உருண்டையை வைக்கலாம்.

இங்கே ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. அகர் 35-லிருந்து 40 டிகிரியில் கட்டியாகும். 85 டிகிரியை ஒட்டி மறுபடி கரைந்துவிடும். கொதிக்கிற முட்டைக் குழம்பில் போட்டீர்களானால் ஐந்தே நிமிடத்தில் முட்டை காணாமல் போய், குழம்பு மட்டும் கொழகொழத்து நிற்கும். குழம்பை இறக்கிச் சூடு தணிந்த பிறகு போடுங்கள். மிளகும் உப்பும் தூவிச் சாலட்டில் வைப்பது இன்னும் பாதுகாப்பு. உள்ளதைச் சொன்னால், இந்த அவித்த முட்டை வெறும் வேடம். அசல் வெள்ளைக்கருவின் ரப்பர்த்தனம் இதில் வராது. கடித்தால் ஜெல்லி மாதிரி ‘சடக்’கென்று உடையும்.

> ■ மன்னார் வளைகுடாவின் பங்கு
>
> அகர் எடுக்கப் பயன்படும் பாசிகள் நம் ராமநாதபுரம் கடலோரத்திலேயே கிடைக்கின்றன. மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி என்று மீனவப் பெண்கள் பெயர் சொல்லி அடையாளம் காட்டும் பாசிகள் இவை. கண்ணாடி மாட்டி, கையில் உறை சுற்றி, பாறை இடுக்குகளில் முங்கிப் பறிப்பது அவர்களுடைய தலைமுறைத் தொழில். மதுரை வட்டாரத்தில் அகர் ஆலைகள் உண்டு. தாவர முட்டைச் சந்தை வளர்ந்தால், அதில் ஒரு பங்கு இந்தப் பெண்களின் கூலியிலும் தெரிய வேண்டும் என்பது நியாயமான எதிர்பார்ப்பு.

சுண்டல் தண்ணீரில் தூத்துக்குடி மக்ரூன்

நவராத்திரி ஒன்பது நாளும் நாம் சாக்கடையில் கொட்டுகிற தண்ணீர், பிரான்ஸில் ஒருவரின் கண்ணில் பட்டது. ஜோயல் ரோசெல், தொழில்முறைப் பாடகர். பயறு வேகவைத்த தண்ணீரை அடித்தால் வெள்ளைக்கரு மாதிரி நுரைக்கிறது என்று 2014-ல் கண்டுசொன்னார். மறு ஆண்டு அமெரிக்க மென்பொருள் பொறியாளர் கூஸ் வோல்ட், கொண்டைக்கடலைத் தண்ணீரும் சர்க்கரையும் மட்டுமே வைத்து நுரை இனிப்பு சுட்டு, அந்தத் தண்ணீருக்கு ‘அக்வாஃபாபா’ என்று பெயரும் சூட்டினார். பருப்பு வேகும்போது குக்கர் விசிலில் பொங்கி அடுப்பை நாசம் செய்யும் அந்த நுரைதான், வேறொன்றுமில்லை. கடலையிலிருந்து இறங்கிய கொஞ்சம் புரதம், சபோனின், மாவுச்சத்து மூன்றும் சேர்ந்து காற்றைப் பிடித்து வைக்கின்றன.

வெள்ளைக் கொண்டைக்கடலையை உப்புப் போடாமல் வேகவைத்து, அதே தண்ணீரில் ஆற விடுங்கள். பிறகு தண்ணீரை வடித்து, பச்சை முட்டையின் வெள்ளைக்கரு பதத்துக்கு வரும்வரை சுண்டக் காய்ச்ச வேண்டும். இப்படிச் சுண்டவைப்பதுதான் ரகசியம். நீர்த்திருந்தால் எவ்வளவு அடித்தாலும் நுரை நிற்காது. மூன்று மேசைக்கரண்டி ஒரு முட்டைக்குச் சமம். குளிரவைத்து, நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு, மின் பீட்டரால் பத்து நிமிடம் வரை அடித்தால் பாத்திரத்தைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் விழாத நுரை வரும்.

அந்த நுரையைச் சோதிக்க நம்மூரில் அருமையான பரீட்சைத் தாள் இருக்கிறது. தூத்துக்குடி மக்ரூன். வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரிப் பொடி, இந்த மூன்றுதான் அதன் மூலதனம். வெள்ளைக்கருவுக்குப் பதில் சுண்டல் நுரை. சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து அடித்து, முந்திரிப் பொடியைக் கரண்டியால் மெல்லப் புரட்டி, கூம்புத் தாளில் பிழிந்து, 100 டிகிரியில் இரண்டு மணி நேரம் வரை ஓவனில் காயவிட வேண்டும். முந்திரியின் எண்ணெய் நுரையை அமுக்கப் பார்க்கும். அதனால் பொடியைக் குறைத்துப் போடுவது நல்லது.

வெளியே மொறுமொறுப்பு, உள்ளே லேசான பிசுபிசுப்பு, வாயில் வைத்ததும் கரைவது எல்லாம் வந்துவிடுகிறது. கடலை வாடை துளியும் இல்லை. ஈரம் பட்டால் அசலை விடச் சீக்கிரம் நமத்துப்போகும் என்பது ஒன்றே குறை. காற்றுப் புகாத டப்பா அவசியம். இதுவரை பார்த்த முயற்சிகளில் முட்டையோடு நேருக்கு நேர் நின்று ஜெயித்தது இந்தச் சுண்டல் தண்ணீர் ஒன்றுதான்.

மயோனைஸ்: அரசே தள்ளிய பாதை

2025 ஏப்ரலில் தமிழக அரசு, பச்சை முட்டையில் செய்த மயோனைஸைத் தயாரிக்கவும் விற்கவும் ஓராண்டுக்குத் தடை போட்டது. தெலங்கானா அதற்கு முந்தைய அக்டோபரிலேயே தடை செய்திருந்தது. காரணம் சால்மோனெல்லா போன்ற கிருமிகள். வேகவைக்காத முட்டை, வெயில், ஷவர்மா கடையில் மணிக்கணக்கில் திறந்து கிடக்கும் கிண்ணம் மூன்றும் சேர்ந்தால் கிருமிக்குக் கொண்டாட்டம்தான்.

முட்டையில்லா மயோனைஸ் பற்றி யோசித்தே பார்க்காத கடைக்காரர்களையும் அந்த உத்தரவு யோசிக்க வைத்தது. வீட்டில் இது ஐந்து நிமிட வேலை. சர்க்கரை சேர்க்காத சோயா பால் ஒரு பங்கு, எண்ணெய் இரண்டு பங்கு, எலுமிச்சைச் சாறு, அரைத் தேக்கரண்டி கடுகுப் பசை, உப்பு. உயரமான டம்ளரில் எல்லாவற்றையும் ஊற்றி, கைப்பிளெண்டரை அடியில் வைத்து ஓட்டி, மெல்ல மேலே தூக்கினால் கண்ணெதிரே வெள்ளையாக இறுகும். சோயாவிலும் லெசித்தின் உண்டு, அதனால்தான் பிடிக்கிறது. பாலும் எண்ணெயும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும் என்பது மட்டும் கண்டிப்பு. முட்டை இல்லை என்பதற்காக வெளியே வைக்கலாம் என்று நினைக்காதீர்கள். குளிர்சாதனப் பெட்டிதான் இதற்கும் இடம். மூன்று நாளுக்குள் காலி செய்துவிடுங்கள்.

கடையில் வாங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ‘எக்லெஸ்’ என்று எழுதிய குப்பிகள் பலவற்றில் பால் பொடி இருக்கும். பச்சைப் புள்ளி சைவத்துக்கான அடையாளமே தவிர, பால் இல்லை என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. பாலும் கலக்காத உணவுக்கு 2022-ல் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் தனி விதிகளும் தனி முத்திரையும் கொண்டுவந்தது. பாலும் முட்டையும் ஒத்துக்கொள்ளாத குழந்தை வீட்டில் இருந்தால் அந்த முத்திரையையும் உட்பொருள் பட்டியலையும் பார்த்தே வாங்க வேண்டும். பருப்பு, கடலை, சோயா ஆகியவையும் சில குழந்தைகளுக்கு ஒத்துக்கொள்ளாது. முட்டைக்கு மாற்று என்று நம்பி ஒரே நாளில் தட்டு நிறையக் கொடுக்காமல், ஒவ்வாமை மருத்துவரைக் கேட்டு, கொஞ்சமாகத் தொடங்குவதே சரி.

சத்துணவுத் தட்டில் இதற்கு இடமில்லை

ருசியில் எவ்வளவு நெருங்கினாலும், சத்தில் இரண்டும் ஒன்றாகிவிடாது. 50 கிராம் முட்டையில் சுமார் 6 கிராம் புரதம். சோம்பேறி வழி ஆம்லெட் ஒன்றில் நான்கைந்து கிராம். எண்ணிக்கையில் பக்கத்தில் நிற்கிறது, தரத்தில் நிற்கவில்லை. உடலுக்குத் தேவையான எல்லா அமினோ அமிலங்களும் முட்டையில் சரியான விகிதத்தில் உள்ளன. பருப்பில் மெத்தியோனின் குறைவு. அரிசி சேரும்போதுதான் அந்தக் குறை தீரும். பொங்கலும் கிச்சடியும் அந்த வகையில் புத்திசாலித்தனமான சமையல்.

பெரிய பள்ளம் பி12. முட்டையில் உண்டு, பருப்பிலும் கடலையிலும் கடல்பாசியிலும் நம்பும்படியாக இல்லை. மூளை வளர்ச்சிக்கு வேண்டிய கோலின், பெரிய முட்டை ஒன்றில் 147 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது. பருப்பு ஆம்லெட்டால் அதை எட்ட முடியாது. மறுபக்கம், ஒரு முட்டையில் இருக்கும் 186 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் இதில் பூஜ்யம், நார்ச்சத்தும் கூடுதல். சுண்டல் நுரையைப் பொறுத்தவரை சத்து என்ற பேச்சுக்கே இடமில்லை. அது வெறும் காற்றும் சர்க்கரையும்.

அதனால்தான் ஒரு விஷயத்தை உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழகச் சத்துணவில் 1989-ல் இரு வாரத்துக்கு ஒன்று என்று நுழைந்த முட்டை, 2010-ல் வாரத்துக்கு ஐந்து என்ற நிலைக்கு வந்தது. முட்டை சாப்பிடாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம். வீட்டில் பாலோ கறியோ தினம் பார்க்காத பிள்ளைக்கு அந்த ஒரு முட்டையே அன்றைய பி12. நகரத்து அடுப்படியில் வசதியுள்ளவர்கள் விரும்பிச் செய்து பார்க்கும் பருப்பு முட்டையை நாளை யாராவது ‘அறம்’, ‘சுகாதாரம்’ என்று பெயர் சொல்லி அந்தத் தட்டுக்குக் கொண்டுவரப் பார்த்தால், முதலில் எதிர்க்க வேண்டும். விரும்பி விடுவது வேறு, பறிக்கப்படுவது வேறு.

காசுக் கணக்கும் பார்த்துவிடலாம். பாசிப்பருப்பு கிலோ 120 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 100 கிராமுக்கு 12 ரூபாய். எண்ணெய், தேங்காய்ப்பால் எல்லாம் சேர்த்து 20 ரூபாய்க்குள் ஐந்து சின்ன ஆம்லெட். ஒன்றுக்கு நாலு ரூபாய். முட்டையை விட மலிவு. புரதம் பிரித்தெடுக்கும் வழியில் போனால் பருப்புக்கு மட்டும் 30 ரூபாய், கைக்கு வருவது மூன்று நான்கு. உழைப்பைக் கணக்கில் சேர்த்தால் கட்டுப்படியே ஆகாது. நாமக்கல் பண்ணையாளர்கள் இதற்காகத் தூக்கம் கெட வேண்டிய அவசியமில்லை. அவர்களுடைய கவலை தீவன விலையும் பறவைக் காய்ச்சலும்தான். பேக்கரிகளின் முட்டைத் தேவையில் ஒரு பங்கு குறையலாம். மயோனைஸில் குறையத் தொடங்கிவிட்டது என்றே சொல்லலாம்.

என் மதிப்பெண் இப்படி: மக்ரூனுக்கும் மயோனைஸுக்கும் கேக்குக்கும் முட்டையை மறந்தே விடலாம். ஆம்லெட்டும் பொடிமாஸும் தேர்ச்சி. கருப்பு உப்பு கைவசம் இருந்தால் முதல் வகுப்பு. அவித்த முட்டை, வேடிக்கைக்கு ஒரு நாள். கலக்கிக்கு இன்னும் வழி பிறக்கவில்லை.

முட்டையை முழுசாக விட்டுவிட்டு இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாலும் சேர்த்துக்கொள்ளாதவர் என்றால் பி12 மாத்திரை பற்றி மருத்துவரிடம் இப்போதே பேசுங்கள். அடுத்த முறை ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது சர்க்கரை, கொலஸ்ட்ராலோடு பி12 அளவையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.